கிறிஸ் க்ளேர்மான்ட்: எக்ஸ்-மென்னை மாறவிட்ட எழுத்தாளர்

"எக்ஸ்-மென்னை உருவாக்கியவர் ஸ்டான் லீ என்றுதானே படித்திருக்கிறோம்? பிறகு ஏன் காமிக்ஸ் வாசகர்கள் கிறிஸ் க்ளேர்மான்ட் என்ற பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்? அவர் எழுதியதில் எங்கிருந்து தொடங்குவது?" என்பது கேள்வி. எக்ஸ்-மென்னைத் திரையில் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இவரைப் பற்றி இரண்டு வரியில் முடித்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

பிறவியிலேயே அசாதாரண சக்தி பெற்ற 'மியூட்டன்ட்'களின் அணியான எக்ஸ்-மென்னை ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் 1963-இல் தொடங்கினார்கள் என்பது சரி. ஆனால் மார்வெல் நிறுவனத்தின் மற்ற இதழ்கள் ஓடிய ஓட்டம் இதற்கு வாய்க்கவில்லை. 1970-இல் 66-ஆம் இதழோடு புதுக்கதைகள் நின்றுபோயின. அடுத்த ஐந்து ஆண்டுகள், 93-ஆம் இதழ் வரை, பழைய கதைகளையே மறுபடி அச்சிட்டு ஒப்பேற்றினார்கள். 1975-இல் எழுத்தாளர் லென் வீனும் ஓவியர் டேவ் காக்ரமும் ஒரு சிறப்பிதழில் புதிய அணியைக் கொண்டுவந்தார்கள். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், ரஷ்யாவிலிருந்து கொலாசஸ், அப்பாச்சி இனத்தைச் சேர்ந்த தண்டர்பேர்ட் எனப் பல நாட்டுக்காரர்கள் அதில் இருந்தார்கள். ஏற்கெனவே ஹல்க் கதையில் தலைகாட்டியிருந்த வுல்வரினும் சேர்ந்துகொண்டார். வீனுக்கு வேறு பொறுப்புகள் அதிகம் இருந்ததால், அலுவலகத்தில் துணையாசிரியராக இருந்த 24 வயது இளைஞரிடம் தொடரை ஒப்படைத்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளிவந்த, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இதழ் அது. அந்த இளைஞர்தான் க்ளேர்மான்ட். ஆகஸ்ட் 1975 என்று தேதியிட்ட 94-ஆம் இதழில் தொடங்கியவர், 1991 வரை இடைவிடாமல் 16 ஆண்டுகள் அதை எழுதினார். ஒரு சூப்பர்ஹீரோ இதழில் ஒரே எழுத்தாளர் இவ்வளவு காலம் நிலைத்திருப்பது மிக அரிது. அவர் விலகிய வேளையில் எக்ஸ்-மென் அமெரிக்காவிலேயே அதிகம் விற்கும் காமிக்ஸாக இருந்தது.

திரைப்படங்களில் நீங்கள் பார்த்தவற்றில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜீன் கிரே ஃபீனிக்ஸாக மாறுவது, கொடிய எதிர்காலத்தைத் தடுக்கக் கடந்தகாலத்துக்குத் திரும்புவது, நாஜி முகாமில் சிறுவனாக இருந்த மேக்னீட்டோ, வுல்வரினின் ஜப்பான் கதை ஆகியவை அவர் எழுதியவை. ரோக், மிஸ்டிக், கிட்டி பிரைட், எம்மா ஃப்ராஸ்ட், சேப்ரடூத், காம்பிட் ஆகியோர் அவர் ஓவியர்களோடு சேர்ந்து படைத்த பாத்திரங்கள். ஓவியர்களோடு சேர்ந்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜான் பர்ன், டேவ் காக்ரம், மைக்கேல் கோல்டன் போன்றவர்கள் இல்லாமல் இவற்றில் எதுவும் இல்லை.

க்ளேர்மான்ட் 1950-இல் லண்டனில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. வளர்ந்தது லாங் ஐலண்டில். பார்ட் கல்லூரியில் நடிப்பும் அரசியல் கோட்பாடும் படித்தார். அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பாடங்களும் போதும் என்று எனக்குத் தோன்றும். பாத்திரத்துக்குள் புகுந்து பேசும் நடிகரும், அதிகாரம் எவரை ஒதுக்குகிறது என்று கவனிக்கும் மாணவரும் அவரிடம் சேர்ந்தே இருந்தார்கள். 1969-இல் மாணவராக இருக்கும்போதே மார்வெலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். எக்ஸ்-மென் கைக்கு வந்த பிறகும் அயர்ன் ஃபிஸ்ட், மிஸ் மார்வெல் போன்ற இதழ்களையும் எழுதிக்கொண்டிருந்தார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எழுதப்படாத ஒரு விதி உண்டு. கதை முடியும்போது எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். நாயகன் எழுத்தாளரின் சொத்து அல்ல, நிறுவனத்தின் சொத்து. அடுத்து வரும் எழுத்தாளருக்கு அவன் பழையபடியே கிடைக்க வேண்டும். க்ளேர்மான்ட் அந்த விதியை மதிக்கவில்லை. தம் பாத்திரங்கள் அனுபவத்தால் மாறுவார்கள், காதலிப்பார்கள், களைத்துப்போவார்கள், அணியை விட்டுப் போய்விடுவார்கள் என்றே எழுதினார். அவருடைய வெற்றிக்கும், கடைசியில் அவர் வெளியேற நேர்ந்ததற்கும் இது ஒன்றே காரணம் என்பது என் துணிபு.

ஃபீனிக்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் ஜீன் கிரே அளவற்ற சக்தி பெறுகிறாள். அந்தச் சக்தி அவளை என்ன செய்யும் என்ற கேள்வியை அவசரப்படாமல் நான்கு ஆண்டுகள் வளர்த்தார் க்ளேர்மான்ட், முதலில் காக்ரமோடும் பிறகு பர்னோடும். 1980-இல் ஹெல்ஃபயர் கிளப் என்ற பணக்காரக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் அவள் மனத்துக்குள் புகுந்து, அவளைப் பழைய காலத்துச் சீமாட்டி என்று நம்பவைத்து, அடக்கிவைத்திருந்த ஆசைகளைக் கிளறிவிடுகிறான். அவன் பிடியிலிருந்து அவள் மீளும்போது அவளுடைய கட்டுப்பாடும் சேர்ந்து உடைகிறது. பசியெடுத்து ஒரு விண்மீனை விழுங்குகிறாள். அதைச் சுற்றிவந்த கோள் ஒன்றில் வாழ்ந்த கோடிக்கணக்கானோர் அழிகிறார்கள்.

முதலில் திட்டமிட்ட முடிவில் ஜீன் சாகவில்லை. அவளுடைய சக்தி பிடுங்கப்பட்டு, சாதாரணப் பெண்ணாக வீடு திரும்புவதாகத்தான் வரைந்து முடித்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் அதை ஏற்கவில்லை. ஓர் உலகத்தையே அழித்தவள் தண்டனையின்றிப் போகக் கூடாது என்றார். வாதம் முற்றி, கடைசிப் பக்கங்கள் மாற்றி வரையப்பட்டன. 137-ஆம் இதழில், நிலவில், தான் மறுபடி அந்த மிருகமாக மாறப்போவதை உணர்ந்த ஜீன், காதலன் சைக்ளாப்ஸின் கண்ணெதிரே தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கைவிடப்பட்ட பழைய முடிவை மார்வெல் 1984-இல் தனி இதழாக வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஷூட்டர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளத் தோன்றும். பழைய முடிவில் ஜீனுக்காக மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். புதியதில் அவளே தீர்மானிக்கிறாள். க்ளேர்மான்ட்டின் திறமை அடுத்த இதழில்தான் தெரிகிறது. 138-ஆம் இதழ் முழுக்க இறுதிச் சடங்கு, நினைவுகள், சைக்ளாப்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. அவன் போகும் அதே இதழின் முடிவில் கிட்டி பிரைட் என்ற பள்ளிச் சிறுமி வாசலுக்கு வந்து சேர்கிறாள். அடுத்த பெரிய கதையில், 1981-இல், எதிர்காலத்தில் முகாமில் அடைபட்ட நடுவயதுக் கிட்டியின் மனம் இந்தச் சிறுமியின் உடலுக்குள் திரும்பி வருகிறது. அந்தக் கதை சொல்லும் எதிர்காலம் 2013; அதில் நாம் அறிந்த பெயர்களில் பெரும்பாலானவை கல்லறைக் கற்களில் இருக்கின்றன. வெறும் இரண்டு இதழ்களில் முடிந்துவிடும் கதை இது. அதன் நிழலில் இன்றுவரை கதைகள் எழுதப்படுகின்றன.

இந்த இடத்தில் மார்வெலில் கதை எழுதப்பட்ட முறையைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் முழு வசனத்தையும் எழுதி ஓவியரிடம் கொடுப்பதில்லை. கதைச்சுருக்கத்தை இருவரும் பேசி முடிவு செய்வார்கள், ஓவியர் வரைவார், வரைந்து வந்த பக்கங்களைப் பார்த்து எழுத்தாளர் வசனம் எழுதுவார். ஓவியர் மனத்தில் இருந்த கதையைக் கடைசி நிமிடத்தில் வசனம் திருப்பிவிட முடியும். பர்னுக்கு இதில்தான் கோபம். கொலாசஸ் ஒரு மரத்தின் அடிக்கட்டையை அநாயாசமாகப் பிடுங்குவதாகத் தாம் வரைந்திருந்ததாகவும், க்ளேர்மான்ட்டோ அவன் திணறிப் பிடுங்குவதாக எழுதிவிட்டதாகவும் பர்ன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும், இப்படிச் சேர்ந்த மனத்தாங்கல்களால் 143-ஆம் இதழோடு அவர் விலகினார். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. இருவரும் ஒருவரையொருவர் இழுத்துப்பிடித்துக்கொண்டிருந்த காலம்தான் தொடரின் மிக இறுக்கமான காலம்.

பர்ன் போன பிறகு க்ளேர்மான்ட்டின் எழுத்து வேறு திசையில் ஆழமானது. இளமையில் இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணை ஒன்றில் சிலகாலம் வேலை செய்தவர் அவர். யூத இனப்படுகொலையில் தப்பியவர்களை அறிந்த அந்த அனுபவம் மேக்னீட்டோவுக்குள் வந்தது. ஸ்டான் லீயின் மேக்னீட்டோ உலகை ஆள நினைக்கும் சாதாரண வில்லன். 1981-இன் 150-ஆம் இதழில் அவன் சண்டையின் வேகத்தில் கிட்டியைத் தாக்குகிறான். அவள் செத்துவிட்டாள் என்று நினைக்கிறான். யூதச் சிறுமியான அவளைக் கையில் ஏந்தியபோது, தன் குடும்பத்தை ஆஷ்விட்ஸில் கொன்றவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டதை உணர்கிறான். அங்கிருந்து நான்கு ஆண்டுகளில், 200-ஆம் இதழில், பாரிஸில் நீதிமன்றத்தின்முன் நிற்கிறான். அதன்பின் எக்ஸ்-மென் அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியரின் பள்ளிப் பொறுப்பையே ஏற்கிறான். ஒரு வில்லனை இத்தனை பொறுமையாகத் திருத்திய கதை அதுவரை சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்டார்மின் பயணமும் அப்படிப்பட்டதுதான். குழந்தையாக இருக்கும்போது இடிபாடுகளில் புதைந்ததால் மூடிய இடங்களுக்கு அஞ்சுபவள், கெய்ரோ தெருக்களில் திருடிப் பிழைத்தவள், கென்யாவில் தெய்வமாக வணங்கப்பட்டவள். அணித்தலைமை அவளிடம் வந்ததும் அவள் மென்மை ஒவ்வொன்றாக உதிர்கிறது. 1983-இல் நீண்ட வெண்கூந்தலைச் சிரைத்து நடுவில் மட்டும் முடி விட்டுக்கொண்டு, தோல் உடுப்பில் வந்து நிற்கிறாள். அவளைத் தாயாக நினைத்திருந்த கிட்டி அழுதுகொண்டே ஓடிவிடுகிறாள். அடுத்த ஆண்டு சக்தியையும் இழக்கிறாள். பாரி விண்ட்சர்-ஸ்மித் வரைந்த 186-ஆம் இதழில் கிட்டத்தட்ட சண்டையே கிடையாது. பறக்க முடியாமல் போன ஒரு பெண்ணும், அவள் சக்தியைப் பறித்த ஆயுதத்தைக் கண்டுபிடித்தவனும் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். அந்த ஆண்டில் வந்த மிகச்சிறந்த சூப்பர்ஹீரோ இதழ் அதுவென்பேன். சக்தி ஏதும் இல்லாமலே 201-ஆம் இதழில் சைக்ளாப்ஸைத் தோற்கடித்துத் தலைமையைத் தக்கவைத்துக்கொள்கிறாள். ஒரு கறுப்பினப் பெண், அமெரிக்காவின் முன்னணிக் காமிக்ஸ் அணிக்கு ஆண்டுக்கணக்கில் தலைவியாக இருந்தாள் என்பதை அந்தக் காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

பெண் பாத்திரங்களை அவர் எவ்வளவு பொருட்படுத்தினார் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. அவர் நெடுநாள் எழுதிய மிஸ் மார்வெலை, 1980-இல் வேறு எழுத்தாளர்கள் அவெஞ்சர்ஸ் 200-ஆம் இதழில் ஓர் ஆடவனின் மனக்கட்டுப்பாட்டால் கர்ப்பமாக்கி, அவனோடே மகிழ்ச்சியாக அனுப்பிவைத்தார்கள். வாசகர்கள் சிலர் கொதித்தார்கள். க்ளேர்மான்ட் அடுத்த ஆண்டு அவெஞ்சர்ஸ் ஆண்டு மலரில் அவளைத் திரும்ப அழைத்துவந்தார். தனக்கு நேர்ந்தது என்னவென்று நண்பர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லையா என்று அவெஞ்சர்ஸ் முகத்துக்கு நேரே அவளைக் கேட்கவைத்தார். தம் நிறுவனமே வெளியிட்ட கதையை அதே நிறுவனத்தின் இதழில் கண்டித்த துணிச்சல் அது. ரோக் அறிமுகமானதும் அந்த மலரில்தான். மிஸ்டிக்கும் டெஸ்டினி என்ற இன்னொரு பெண் பாத்திரமும் காதலர்கள் என்பதை வெளிப்படையாக எழுத அன்றைய தணிக்கை இடம் தரவில்லை, குறிப்பாகத்தான் காட்டினார். நைட்கிராலர் அவ்விருவரின் பிள்ளை என்பது அவர் மனத்தில் இருந்த திட்டம். 2023-இல் வேறொரு எழுத்தாளர் அதை அதிகாரபூர்வமாக்கினார்.

அவரிடம் குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முதல் குறை, வசனம் அதிகம். ஓவியத்திலேயே தெரிவதையும் ஒருமுறை எழுதிவிடுவார். சண்டையின் நடுவே பாத்திரங்கள் தங்கள் சக்தியை விளக்குவார்கள். அவ்வளவு எழுத்தும் கட்டத்துக்குள் அடங்கியதற்கு டாம் ஓர்ஸெகோவ்ஸ்கி என்ற எழுத்துக் கலைஞரின் சிறிய, தெளிவான கையெழுத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ரஷ்யன் என்றால் வாக்கியத்துக்கு ஒரு ரஷ்யச் சொல், ஜெர்மானியன் என்றால் ஒரு ஜெர்மன் சொல் என்று தூவுவது இன்று சலிப்பூட்டுகிறது. மனக்கட்டுப்பாடு, அடிமைப்படுத்தல் ஆகியவை தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆண்டுக்கணக்கில் தொடங்கிவைத்த மர்மங்கள் பல முடிச்சு அவிழாமலே நின்றன. ஆனால் இந்தக் கடைசிக் குறையும் அவர் பலமும் ஒட்டிப்பிறந்தவை. இன்று போட்ட விதை எப்போதோ முளைக்கும் என்ற நம்பிக்கைதான் வாசகரை மாதாமாதம் கடைக்கு வரவழைத்தது.

இனி நிறுவனத்தோடு வந்த மோதல். ஜீன் இறந்தபின் சைக்ளாப்ஸ், மேட்லின் பிரையர் என்ற பெண்ணை 1983-இல் மணந்து, பிள்ளை பெற்று, போராட்ட வாழ்விலிருந்து ஒதுங்குகிறான். நாயகன் ஒருவன் ஓய்வுபெற்றுக் குடும்பஸ்தனாவதை எழுத வேண்டும் என்பது க்ளேர்மான்ட்டின் ஆசை. 1986-இல் மார்வெல் 1963-இன் முதல் அணியில் இருந்த ஐவரையும் கொண்டு எக்ஸ்-ஃபேக்டர் என்ற புதிய இதழைத் தொடங்கியது. அதற்காக ஜீன் உயிர்ப்பிக்கப்பட்டாள். உலகை அழித்தவள் அவளே அல்ல, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட வேறொரு சக்தி என்று விளக்கம் சொன்னார்கள். சைக்ளாப்ஸ் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவளிடம் ஓடினான். க்ளேர்மான்ட் எவ்வளவோ எதிர்த்தும் நடக்கவில்லை. பிறகு சைக்ளாப்ஸின் செயலை நியாயப்படுத்த, மேட்லின் ஜீனின் நகலாக்கப்பட்டு, பேயரசியாக்கப்பட்டு, 1989-இல் கொல்லப்பட்டாள். அந்தக் கதையையும் எழுதும் நிலை க்ளேர்மான்ட்டுக்கே வந்தது. கைவிடப்பட்டது அவள், தண்டனையும் அவளுக்கே. அந்த இதழ்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாத கோபம் வருகிறது.

1991-இல் அதே கதை பெரிய அளவில் நடந்தது. ஓவியர் ஜிம் லீயின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. மேக்னீட்டோ மறுபடி எதிரியாக வேண்டும், சேவியர் பள்ளிக்குத் திரும்ப வேண்டும், எல்லாம் பழைய வடிவத்துக்கு வர வேண்டும் என்று ஆசிரியர் தரப்பு விரும்பியது. க்ளேர்மான்ட்டோ வுல்வரினைக் கொன்று எதிரியின் கைப்பாவையாக உயிர்ப்பிக்கும் திட்டத்தில் இருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜிம் லீயுடன் தொடங்கிய புதிய எக்ஸ்-மென் இதழின் முதல் எண் 80 லட்சம் பிரதிகளைத் தாண்டி, கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அதன் மூன்றாம் இதழோடு அவர் விலகிவிட்டார். 16 ஆண்டுகள் எழுதியவருக்கு அந்த இதழில் முறையான பிரியாவிடைகூட இல்லை.

அதன் பிறகு எழுதியவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம். டி.சி. நிறுவனத்தில் சாவரின் செவன் என்ற சொந்தப் படைப்பு 36 இதழ்கள் வந்தது. ஜார்ஜ் லூகாஸுடன் சேர்ந்து மூன்று மிகைப்புனைவு நாவல்கள் எழுதினார். 1998-இல் மார்வெலுக்குத் திரும்பி ஃபென்டாஸ்டிக் ஃபோர் எழுதினார். பின்னர் எக்ஸ்-மென்னுக்கும் பலமுறை வந்தார். 2009-இல், தாம் 1991-இல் விட்ட இடத்திலிருந்தே கதையைத் தொடரும் தனி இதழ் ஒன்றை மார்வெல் அவருக்குத் தந்தது. ரசிகனாக நான் மகிழ்ந்தாலும், பழைய விசை அதில் இல்லை. அவருடைய கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2015-இல் காமிக்ஸ் துறைக்கான ஐஸ்னர் விருதுகளின் புகழவையில் அவர் சேர்க்கப்பட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு: 94-ஆம் இதழிலிருந்து வரிசையாகப் படிக்க முனையாதீர்கள், களைத்துவிடுவீர்கள். ப்ரென்ட் ஆண்டர்சன் வரைந்து 1982-இல் வந்த காட் லவ்ஸ், மேன் கில்ஸ் என்ற தனி நூலை முதலில் எடுங்கள். முன்கதை ஏதும் தெரியாமலே படிக்கலாம். முதல் பக்கங்களிலேயே இரு கறுப்பினக் குழந்தைகள், மியூட்டன்ட்களாகப் பிறந்த குற்றத்துக்காகப் பள்ளி விளையாட்டுத் திடலில் கொலை செய்யப்படுகிறார்கள். கொன்றவர்கள் வில்லியம் ஸ்ட்ரைக்கர் என்ற தொலைக்காட்சி மதப் பிரசாரகரின் ஆட்கள். அவர் மேடையில் நைட்கிராலரைச் சுட்டிக்காட்டி, இதையா மனிதன் என்கிறீர்கள் என்று கேட்கும் கட்டத்தில் க்ளேர்மான்ட் எக்ஸ்-மென் மூலம் என்ன சொல்ல வந்தார் என்பது முழுதாக விளங்கிவிடும். இரண்டாவது எக்ஸ்-மென் திரைப்படம் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. ஆனால் ஸ்ட்ரைக்கரைப் படையதிகாரியாக்கியதால் கூர்மை குறைந்துவிட்டது. அது பிடித்தால் 129 முதல் 143 வரையிலான இதழ்களின் தொகுப்பு. வுல்வரின் மட்டும் போதும் என்றால் ஃபிராங்க் மில்லர் வரைந்த 1982-ஆம் ஆண்டின் நான்கு இதழ்கள். க்ளேர்மான்ட் எழுதிய இன்னொரு தொடரான நியூ மியூட்டன்ட்ஸில் பில் சின்கேவிச் வரையத் தொடங்கும் 18-ஆம் இதழ் முதல் மூன்று இதழ்களையும் தவறவிடாதீர்கள். ஒரு இளம்பெண்ணை வேட்டையாடும் ராட்சதக் கரடியின் கதை அது. அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியத்தின் போக்கையே அந்தப் பக்கங்கள் மாற்றின.